கையெழுத்து கேட்பதா, கணக்குக் கேட்பதா?

ஊழியர்களுக்கு எவ்வளவு சுதந்திரம் கொடுக்கலாம் என்ற கேள்விக்கு, தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் மொத்த நிறுவனத்துக்கும் பொருந்தும் ஒரே விடையை எதிர்பார்க்கிறார்கள். அப்படி ஒரு விடை கிடையாது. வாடிக்கையாளருக்குப் போகும் பதில் மெயிலை ஒருவர் யாரையும் கேட்காமல் அனுப்பலாம். அவரே வங்கிக் கணக்கிலிருந்து பெரிய தொகையை மாற்ற இன்னொருவரின் ஒப்புதல் வேண்டும். ஆள் அதே ஆள்தான். மெயில் தவறானால் மறுநாள் மன்னிப்புக் கேட்டு இன்னொன்று அனுப்பலாம். பணம் தவறான கணக்குக்குப் போனால் போனதுதான். எடைபோட வேண்டியது முடிவை. ஆளை எடைபோடுவது அதற்குப் பிறகு.

ஒவ்வொரு முடிவையும் நான்கு கேள்விகளில் போட்டுப் பார்க்கலாம். தவறினால் திரும்பி வர முடியுமா? முடியாவிட்டால் நட்டம் எவ்வளவு? தவறியது எத்தனை நாளில் தெரியவரும்? விஷயத்தின் உள்விவரம் யார் கையில் இருக்கிறது? முதல் கேள்வி பிரபலமானது. அமேசானின் 2015ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் அதன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் ஒருவழிக் கதவு, இருவழிக் கதவு என்று பிரித்தது இதைத்தான். ஆனால் பெரும்பாலோர் கோட்டை விடுவது மூன்றாவதில். விலைப்பட்டியலில் ஒரு சின்னப் பிழை. ஒரு பில்லுக்கு நட்டம் சொற்பம். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போதுதான் அது கண்ணில் படும் என்றால், அதைச் சில்லறை விஷயம் என்று சொல்ல முடியாது. நாளைக்கே தெரிந்துவிடும் பெரிய தவறைவிட, பத்து மாதம் ஒளிந்திருக்கும் சின்னத் தவறு அதிகம் தின்னும்.

இந்த நான்கு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு, நடைமுறையில் இருக்கும் வழிகளைப் பார்ப்போம்.

முன் அனுமதி

செய்வதற்கு முன் மேலதிகாரியின் ஒப்புதல். எல்லோருக்கும் பழகிய வழி, புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க வேண்டாம். விலை என்ன என்பதை மட்டும் யாரும் கணக்குப் போடுவதில்லை.

ஒரு மேலாளருக்குக் கீழே 8 பேர். ஒவ்வொருவரும் வாரத்துக்கு 5 விஷயங்களை அப்ரூவலுக்கு அனுப்புகிறார்கள். மொத்தம் 40. ஒன்றைப் படித்துப் புரிந்து பதில் போட 10 நிமிடம் என்றால் 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம். வாரத்தில் ஏறக்குறைய ஒரு முழு வேலைநாள் தலையாட்டவே போகிறது. காத்திருப்பு இதைவிட மோசம். வரிசைகளைப் பற்றிய எளிய கணித மாதிரியின்படி, ஒருவருடைய நேரம் 80 சதவீதம் நிரம்பியிருந்தால், ஒரு வேலையைச் செய்ய ஆகும் நேரத்தைப்போல 4 மடங்கு வரிசையில் நிற்க வேண்டும். 90 சதவீதம் நிரம்பினால் 9 மடங்கு, 95 ஆனால் 19 மடங்கு. மேலாளர் எவ்வளவுக்கெவ்வளவு பிசியோ அவ்வளவுக்கு மேல் பைல் தேங்கும். மீட்டிங்குகளுக்கு நடுவே மொத்தமாக உட்கார்ந்து பார்ப்பவராக இருந்தால் மணிக்கணக்கு நாள்கணக்காகும்.

அடுத்த கோளாறு, கையெழுத்துகள் கூடக்கூடப் படிப்பவர்கள் குறைவது. ஐந்து கையெழுத்து வேண்டிய படிவத்தில் முதலாமவர், மேலே இருப்பவர்கள் பார்ப்பார்கள் என்று போடுவார். ஐந்தாமவர், கீழே நான்கு பேர் பார்த்திருக்கிறார்களே என்று போடுவார். பிழை ஐந்து பேரையும் தாண்டி வெளியே வந்துவிடும், யாரிடமும் கேட்க முடியாது.

சரி, முன் அனுமதி எங்கே இன்றியமையாதது? 1995 பிப்ரவரியில் பேரிங்ஸ் வங்கி கவிழ்ந்ததைப் பாருங்கள். 1762இல் தொடங்கிய பிரிட்டிஷ் வங்கி. சிங்கப்பூர் கிளையில் நிக் லீசன் வர்த்தகமும் செய்தார். அந்த வர்த்தகத்தைச் சரிபார்த்துக் கணக்கில் ஏற்றும் பிரிவும் அவர் கையிலேயே இருந்தது. 88888 என்ற கணக்கில் ஒளித்த நட்டம் 82.7 கோடி பவுண்டு வரை போனது. இன்னொன்று, 2012 ஆகஸ்ட் 1. நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனத்தில் புதிய மென்பொருளை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. 7இல் ஏறியது, ஒன்றில் பழையதே இருந்துவிட்டது. சரியாக ஏறியதா என்று இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும் என்ற விதி இல்லை. சந்தை திறந்து சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலர் போயிற்று.

இந்த இரண்டிலும் மேலதிகாரி கையெழுத்து ஒன்று கூடுதலாக இருந்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்று படிப்பது அவசரம். முதலாவதில் தேவைப்பட்டது, செய்பவரும் சரிபார்ப்பவரும் வேறு வேறு ஆளாக இருப்பது. இரண்டாவதில் தேவைப்பட்டது பக்கத்து சீட்டில் இருப்பவரின் கண். அவர் அதே பதவியில் இருந்தாலே போதும். மேலதிகாரிக்காகக் காத்திருந்தால் நாள்கணக்கு, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டால் பத்து நிமிடம். திரும்ப முடியாத முடிவுகளுக்கு நாம் பரிந்துரைப்பது இந்த இரண்டாவது கண்ணைத்தான். மேலே அனுப்புவது, மேலே இருப்பவருக்கு மட்டுமே தெரிந்த தகவல் ஏதாவது தேவைப்படும் இடத்தில் மட்டும் போதும்.

வரம்புக்குள் உரிமை

ஒரு தொகை வரை, ஒரு எல்லை வரை கேட்க வேண்டாம். அதைத் தாண்டினால் கேட்க வேண்டும். ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்களில் ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க ஊழியர் எவரும் மேலாளரைக் கேட்காமல் 2,000 டாலர் வரை செலவழிக்கலாம் என்ற விதி புகழ்பெற்றது. அந்தத் தொகை முழுதும் தேவைப்படுவது அபூர்வம். அறை சுத்தம் செய்பவருக்கும் அந்த உரிமை உண்டு என்பதில்தான் விதியின் பலம். குறையை முதலில் கேட்பவர் பெரும்பாலும் அவர்தான்.

வரம்பை எங்கே வைப்பது? மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு உருண்டை எண்ணைச் சொல்லிவிடுவது வழக்கம். அதைவிட எளிய, நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. கடந்த ஆறு மாதம் அனுமதிக்கு வந்தவற்றைத் தொகைவாரியாக அடுக்குங்கள். எந்தத் தொகைக்குக் கீழே 100க்கு 95 மாற்றமின்றி ஒப்புக்கொள்ளப்பட்டதோ, அங்கே கோட்டைப் போடுங்கள். அதற்குக் கீழே அந்தக் கையெழுத்து ஏறக்குறைய எதையும் தடுத்ததில்லை, தாமதப்படுத்தியது மட்டும்தான் என்பது உங்கள் ரெக்கார்டிலேயே இருக்கும்.

விற்பனைப் பிரிவின் டிஸ்கவுண்ட் இதற்கு நல்ல உதாரணம், கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பொருளின் விலை 100, அடக்க விலை 80, லாபம் 20. விற்பனையாளருக்கு 10 சதவீதம் வரை குறைக்கலாம் என்று உரிமை கொடுத்தாயிற்று. போனில் வாடிக்கையாளர் இழுக்கிறார். ஆர்டர் கைநழுவக் கூடாதே என்று இவர் 10 கொடுத்துவிடுகிறார். விலையில் பத்தில் ஒன்று போனதாக அவர் நினைக்கிறார். லாபத்தில் பாதி போய்விட்டது. அதே லாபத்தை எடுக்க இரண்டு மடங்கு விற்க வேண்டும். அடக்க விலையை அவரிடமிருந்து மறைத்துவிட்டு உரிமையை மட்டும் கொடுத்த நிறுவனம் இது. மூன்று மாதம் கழித்து லாபம் சரிந்ததும், பார்த்தீர்களா, இவர்களை நம்ப முடியாது என்று உரிமையைப் பிடுங்கிவிடுவார்கள். சரியான ஏற்பாடு: அடக்கம் அவர் திரையில் தெரிய வேண்டும், வரம்பை டிஸ்கவுண்ட் சதவீதத்தில் வைக்காமல் மிச்ச லாபத்தில் வைக்க வேண்டும், 'ஒரு ஆர்டரில் லாபம் 12க்குக் கீழே போனால் கேளுங்கள்' என்பதுபோல. உரிமைக்கு முன்னே தகவல் போய்ச் சேர வேண்டும்.

வரம்பு முறை எப்படிக் கெடும் என்பதும் பழகிய கதைதான். பில்லைப் பிரித்துப் போடுவது முதலாவது: ஒரே சப்ளையரிடம், ஒரே வாரத்தில், வரம்புக்கு ஒரு படி கீழே மூன்று பில். இதற்காகத் தனித் தொகை வரம்போடு மாத மொத்த வரம்பும் வைக்க வேண்டும். வரம்பை ஒட்டிக் குவியும் தொகைகளைக் கணக்குப் பிரிவு மாதம் ஒருமுறை பார்த்தாலே போதும், கண்ணில் பட்டுவிடும். விலைவாசி ஏறியும் வரம்பு ஏறாமல் கிடப்பது இரண்டாவது. ஐந்து வருடத்தில் எல்லாமே வரம்புக்கு மேலே போய், பழைய முன் அனுமதி வேறு பெயரில் திரும்பி வந்துவிடும். மூன்றாவதுதான் மோசமானது. வரம்புக்குள் செலவழித்தவரைப் பார்த்து, 'இதை ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?' என்று மேலாளர் கேட்பது. அந்த ஒரு கேள்வியோடு வரம்பு பூஜ்யமாகிவிடும். எழுத்தில் என்ன இருந்தாலும் அடுத்த முறை அவர் கேட்டுவிட்டுத்தான் செய்வார்.

கேட்டுவிட்டுத் தானே முடிவெடுப்பது

தொகையால் அளக்க முடியாத முடிவுகள் உண்டு. எந்த மென்பொருளுக்கு மாறுவது, ஷிஃப்ட் நேரத்தை எப்படி அமைப்பது, ஒரு பொருளைத் தயாரிப்பிலிருந்து எடுப்பதா. இவற்றுக்கு ஏற்றது இந்த மூன்றாவது வழி. முடிவெடுப்பவர் ஒருவர், அவர் பெயர் முதலிலேயே எழுதப்பட்டிருக்கும். பிரச்சினையையும் தன் யோசனையையும் ஒரே பக்கத்தில் எழுதுகிறார். முடிவால் பாதிக்கப்படுபவர்களையும் விஷயம் தெரிந்தவர்களையும் கேட்கிறார். மூன்று வேலைநாள் கெடு. பதில் வராவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று பொருள். எந்த யோசனையை ஏற்றார், எதை ஏற்கவில்லை, ஏன் என்று நாலு வரி எழுதிவிட்டு முடிவெடுக்கிறார். எல்லோரும் சம்மதிக்க வேண்டியதில்லை.

கோர்டெக்ஸ் துணியால் பெயர்பெற்ற டபிள்யூ.எல். கோர் நிறுவனத்தில் (தொடக்கம் 1958) இதற்கு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: நீர்மட்டக் கோடு. கப்பலின் பக்கவாட்டில் நீர்மட்டத்துக்கு மேலே ஓட்டை விழுந்தால் கப்பல் மூழ்காது. அங்கே தாராளமாகச் சோதித்துப் பாருங்கள். கோட்டுக்குக் கீழே துளை போடும் முன் விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டே ஆக வேண்டும்.

கெடும் விதம் இரண்டு. கேட்பது மெல்ல மெல்ல எல்லோருடைய சம்மதம் வாங்குவதாக மாறி, ஆறு வாரம் இழுக்கும். அல்லது கேட்கப்பட்டவர்களில் ஒருவர் மேலதிகாரியாக இருந்து, அவர் யோசனை உத்தரவாகிவிடும். இரண்டாவதற்கு மருந்து, அவர் கடைசியில் பேசுவது. அதுவும் 'நான் சொல்வதை ஏற்காவிட்டாலும் பரவாயில்லை' என்று வாய்விட்டுச் சொல்லி, நிஜமாகவே ஒருமுறை ஏற்காதபோது முகம் சுளிக்காமல் இருப்பது. செலவும் உண்டு: 6 பேர், தலைக்கு அரைமணி, 3 மணி நேரம். பேனா வாங்க இந்த வழியில் போகக் கூடாது.

பின்னால் கணக்குப் பார்ப்பது

எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்க மாட்டோம், விளைவைக் காட்டுங்கள் என்பது. கேட்க அழகாக இருக்கும், ஆனால் இதில்தான் குழி அதிகம்.

நெட்ஃபிளிக்ஸ் தன் பணிப் பண்பாட்டை விளக்கி 2009இல் வெளியிட்ட ஸ்லைடுகளைப் பார்த்துப் பல நிறுவனங்கள் 'லீவுக்குக் கணக்கில்லை' என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டன. அதே ஸ்லைடுகளில், சுமாராக வேலை செய்பவருக்குத் தாராளமான இழப்பீடு கொடுத்து வழியனுப்பிவிடுவோம் என்றும் இருக்கிறது. அந்தச் சுதந்திரத்தின் விலை அதுதான். அந்த விலையைக் கொடுக்க மனமில்லாத இடத்தில் லீவு விதியை எடுத்துவிட்டால், மேலாளர் எத்தனை நாள் எடுக்கிறார் என்பதே எழுதாத சட்டமாகிவிடும். அவர் லீவே எடுக்காதவர் என்றால் கீழே எவரும் எடுக்கத் துணிய மாட்டார்கள். குறைந்தது இத்தனை நாள் எடுத்தே ஆக வேண்டும் என்ற விதி அங்கே அதிகச் சுதந்திரம் தரும்.

விளைவை மட்டும் பார்ப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உதாரணம் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி. கிளை ஊழியர்களுக்குக் கடுமையான விற்பனை டார்கெட். எட்டுவதற்காக வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமலேயே லட்சக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம்; அதற்குள் சுமார் 5,300 பேரை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். இதைச் சுதந்திரம் மிஞ்சியதன் விளைவு என்று சொல்வது பிழை. கழுத்தை நெரிக்கும் கட்டுப்பாடு இருந்தது, எண்ணிக்கையில். வழியைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. ஒரே ஒரு எண்ணைப் பிடித்துத் தொங்கினால் அந்த எண் வந்துவிடும், அதன் பின்னால் இருக்க வேண்டியது வராது.

அதே வங்கித் தொழிலில் எதிர்ப்பக்கம் ஸ்வீடனின் ஹாண்டல்ஸ்பாங்கன். 1970இல் பொறுப்பேற்ற யான் வாலண்டர் கடன் கொடுக்கும் அதிகாரத்தைக் கிளைகளுக்கு இறக்கினார். வழக்கமான பட்ஜெட்டையே கைவிட்டார். டார்கெட்டுக்குப் பதிலாகக் கிளைகளின் செலவு, வருவாய் விகிதங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எல்லோர் கண்ணிலும் படவைத்தார்கள். 1973இலிருந்து லாபத்தில் ஊழியர்களுக்குப் பங்கு; அதையும் பதவி பார்க்காமல் சமமாக ஒரு அறக்கட்டளையில் போட்டார்கள். இந்த மாதம் தள்ளிவிட்டுப் போனஸ் வாங்கிக்கொண்டு போகலாம் என்ற ஆசைக்கு அங்கே இடமே இருக்கவில்லை. பின்னால் கணக்குப் பார்க்கும் வழியைத் தேர்ந்தால் மூன்றைச் சேர்த்துத் தேருங்கள்: ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும் குறைந்தது இரண்டு அளவுகள் (விற்பனை எண்ணிக்கையோடு ஆறு மாதம் கழித்தும் பயன்பாட்டில் உள்ள கணக்குகள்), மாதந்தோறும் குலுக்கல் முறையில் எடுத்து முழுதாகப் படிக்கும் பத்துப் பதினைந்து பழைய முடிவுகள், உடனடிப் பணத்தோடு கட்டாத பரிசு.

மேலாளரே இல்லாமல்

சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கூகுள் 2000களின் தொடக்கத்தில் பொறியியல் மேலாளர்களை எடுத்துப் பார்த்தது. செலவு பில்லுக்கும் சண்டை தீர்க்கவும் எல்லோரும் நிறுவனர் லாரி பேஜிடமே போய் நின்றார்கள், சில மாதத்தில் பழையபடி ஆயிற்று. இணையத்தில் காலணி விற்கும் ஜாப்போஸ் 2015இல், மேலாளர் இல்லாத புதிய முறை பிடிக்காதவர்கள் பணம் வாங்கிக்கொண்டு போகலாம் என்றபோது சுமார் 14 சதவீதம் பேர் போனார்கள். நெதர்லாந்தின் பூர்ட்ஸோர்க்கில் (2006) மட்டும் வீட்டுக்கு வந்து பராமரிக்கும் செவிலியர்கள் மேலாளர் இன்றியே நன்றாக இயங்குகிறார்கள். காரணம் உண்டு: குழுவுக்கு அதிகபட்சம் 12 பேர், ஒரு குழுவின் வேலை இன்னொரு குழுவுக்காகக் காத்திருப்பதில்லை, உத்தரவிடும் அதிகாரமில்லாத பயிற்சியாளர்கள் கூப்பிட்டால் வருவார்கள். உங்கள் வேலையை இப்படித் துண்டு துண்டாக வெட்ட முடியாவிட்டால் இதை விட்டுவிடுங்கள். மேலாளரை எடுத்துவிட்டால் அதிகாரம் காணாமல் போகாது, அதிகம் பேசுபவரிடம் போய்ச் சேரும்.

இரண்டும் ஒரே இடத்தில்

டொயோட்டா தொழிற்சாலையில் எந்தத் திருகை எந்த வரிசையில், எத்தனை வினாடியில் முடுக்குவது என்பதுவரை எழுதியிருக்கும். அவ்வளவு இறுக்கமான இடத்தில்தான், வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் கோளாறைத் தெரிவிக்கும் 'ஆண்டான்' (andon) கயிற்றை இழுக்கலாம். இழுத்ததும் விளக்கு எரியும், இசை ஒலிக்கும், குழுத் தலைவர் ஓடி வருவார். கார் அந்தக் கட்டத்தைத் தாண்டுவதற்குள் சரியாகிவிட்டால் ஓட்டம் தொடரும். ஆகாவிட்டால் வரிசை நிற்கும். ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் தொழிற்சாலையை 1984இல் டொயோட்டாவும் சேர்ந்து நம்மி என்ற பெயரில் திறந்தபோது, தொழிலாளர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்களே. தரம் உயர்ந்தது. முன்பு எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது என்றிருந்த வரிசையை அதன்பின் அவர்களே நிறுத்த முடிந்தது. கயிற்றின் உயிர் ஓடி வருபவரின் முதல் வார்த்தையில் இருக்கிறது. 'என்ன ஆச்சு, காட்டுங்க' என்றால் நாளையும் இழுப்பார்கள். 'இதுக்கா கூப்பிட்டீங்க?' என்றால் கயிறு வெறும் அலங்காரம்.

எழுதிவைக்கும் முறை

இரண்டு வாரம், அனுமதி கேட்டு வந்த மெயில்களையும் வாய்மொழிக் கேள்விகளையும் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்தால் இருபது, முப்பது வகைதான் தேறும். ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டவணையில் ஒரு வரி: முடிவெடுப்பவர், வரம்பு, முன்பே கேட்க வேண்டியவர், பின்னால் தெரிவிக்க வேண்டியவர், கணக்குப் பார்க்கும் நாள். 'திரும்பி வந்த பொருளுக்குப் பணம் தருவது: சேவைப் பிரிவில் எவரும், ஒரு ஆர்டரின் முழுத் தொகை வரை, கேட்க வேண்டாம், வாரப் பட்டியலில் பதிவு, மாத முதல் திங்கள்.' முடிவெடுப்பவர் இடத்தில் இரண்டு பெயர் வந்தால் அந்த வரி செல்லாது. 'தேவைப்பட்டால் மேலாளரைக் கேட்கவும்' என்ற வரியும் செல்லாது; எப்போது தேவைப்படும் என்று எழுத முடியாததால்தான் அப்படி எழுதத் தோன்றுகிறது.

புதிதாகச் சேர்ந்தவருக்கும் பத்து வருடம் ஆனவருக்கும் ஒரே வரம்பு வேண்டியதில்லை. ஆனால் எந்தத் தேதியில், எதைக் காட்டினால் வரம்பு உயரும் என்று சேரும்போதே எழுத்தில் கொடுங்கள். தேதி இல்லாத பயிற்சிக் காலம் முடிவதே இல்லை.

கையெழுத்தை எடுக்கும் வரிசையும் முக்கியம். முதலில் தகவல், பிறகு வரம்பு, பிறகு பின்தணிக்கை, கடைசியில்தான் கையெழுத்தை எடுப்பது. உற்சாகத்தில் கையெழுத்தை முதலில் எடுத்துவிடுபவர்கள்தான் நான்கு மாதத்தில் பழையதைவிடக் கடுமையான விதிகளோடு திரும்புகிறார்கள். நிச்சயம் ஒரு தவறு நடக்கும். வரம்புக்குள் நடந்ததா, மீறி நடந்ததா என்று மட்டும் பாருங்கள். உள்ளே நடந்திருந்தால் அது அந்த வரம்புக்கு நீங்கள் முன்பே ஒப்புக்கொண்ட விலை. மீறியிருந்தால் அந்த ஒருவரிடம் பேசுங்கள். ஒருவருக்காக எல்லோருக்கும் ஒரு படிவம் அச்சடிக்காதீர்கள். புதிய விதி போட்டே தீர வேண்டும் என்றால் காலாவதித் தேதியோடு போடுங்கள், ஆறு மாதம் போதும். நீட்டிக்க யாரும் வாதாடாவிட்டால் தானே போய்விடும்.

கட்டுப்பாடு அதிகமா குறைவா என்று சோதிக்க வங்கிகளில் பழைய ஏற்பாடு ஒன்று கைகொடுக்கும். பணத்தோடு தொடர்புள்ள பொறுப்பில் இருப்பவர் ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ந்து இரண்டு வாரம் விடுப்பில் போக வேண்டும். அந்த நாட்களில் அவர் கணினிக்குள்ளும் நுழைய முடியாது. தினமும் மூடி மறைத்துவந்த ஏதாவது இருந்தால் வேறொருவர் உட்காரும்போது வெளியே வந்துவிடும். இதே விடுப்பை மேலாளருக்கும் கொடுங்கள், போனைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு. திரும்பி வரும்போது அவருக்காகப் பெண்டிங்கில் நிற்பவற்றை எண்ணுங்கள். அட்டவணையில் அடுத்து எழுத வேண்டிய வரிகள் அவைதான்.